பயந்தவர்கள் முதலில்

எங்கள் அக்கா ஒரு பல் டாக்டரின் முன்னறையில் உட்கார்ந்திருப்பவள். டாக்டர் உள்ளே பல்லைப் பிடுங்குவார். வெளியே உட்கார்ந்திருப்பவர்களின் உயிர் போய்விடாமல் பிடித்து வைத்திருப்பது அக்காவின் வேலை. "வாங்க, உக்காருங்க, ஒண்ணும் ஆகாது" என்று அங்கே தேன் சொட்டும் அதே குரல், வீட்டுக்கு வந்து "ஏய், என் சார்ஜரை எவடி எடுத்தா?" என்று கேட்கும்போது தேனைக் காணோம், தேனீ மட்டும்தான் இருக்கும்.

அந்த முன்னறையில் அவள் வைத்ததுதான் சட்டம். வந்த வரிசைப்படி யாரையும் உள்ளே விடமாட்டாள். யார் அதிகமாக நடுங்குகிறார்களோ அவர்கள் முதலில். காலை ஆட்டிக்கொண்டே இருப்பவர், பத்திரிகையைத் தலைகீழாக வைத்துப் படிப்பவர், சும்மா சும்மா சிரிப்பவர், இவர்களையெல்லாம் பார்த்த மாத்திரத்தில் பொறுக்கிவிடுவாள். அவர்களுக்கு முன்னால் வந்தவர் சண்டைக்கு வருவாரே என்றால், அதற்கும் மருந்து உண்டு. "சார், உங்களைப் பாத்தாலே தைரியசாலின்னு தெரியுது. அவரு முன்னாடி போகட்டுமா?" தைரியசாலிப் பட்டம் வாங்கியவர் அதற்குமேல் வாயைத் திறப்பாரா?

இந்த வேலைக்கு நடுவிலேதான் அக்கா மாலைக் கல்லூரியில் சமூகவியல் எம்.ஏ. முடித்தாள். முன்பின் தெரியாதவர்கள் ஒரு அறையில் காத்திருக்கும்போது, யார் முன்னால் யார் பின்னால் என்று தங்களுக்குள் எப்படி முடிவு செய்துகொள்கிறார்கள்? இதைப் பற்றித்தான் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பம் போட்டாள். துறையில் இடங்கள் பல; உதவித்தொகையோடு சேர்ந்த இடம் இரண்டே இரண்டு. அது கிடைத்தால்தான் அவளால் வேலையை விட முடியும்.

அத்தான் வாழ்த்தி அனுப்பிய விதமே தனி. "உதவித்தொகையோட கிடைச்சா கண்ணை மூடிட்டுப் போ. வெறும் இடம் கிடைச்சா கொஞ்சம் கண்ணைத் திறந்து பாரு."

நேர்காணலுக்குப் பை தூக்க நான் போனேன். துறையின் நடைவழியில் நீளமாக ஒரு பெஞ்சு. எல்லாருக்கும் எண் கொடுத்திருந்தார்கள். கதவைத் திறந்து எண்ணைக் கூப்பிடும் அலுவலக உதவியாளருக்குக் கூண்டில் மாட்டிய புறா மாதிரி ஒரு குரல். "ஒண்ண்ணு!" என்பார், கதவு சாத்திக்கொள்ளும்.

அக்கா மூன்று. அவளுக்கு ஒரு பக்கம் நான்காம் எண், கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்த ஒரு பெரியவர். மறுபக்கம் ஐந்தாம் எண், தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் விடுதிகளைப் பற்றி ஆராய வந்த பெண். அந்தப் பெண் தண்ணீர் பாட்டிலைப் பிடித்திருந்த பிடியில் பாட்டில் கடகடவென்று ஆடியது. அக்காவுக்கு வாய் சும்மா இருக்குமா? பல் ஆஸ்பத்திரிக் கதைகளையெல்லாம் எடுத்துவிட்டாள். அவளுடைய சட்டம், தைரியசாலிகள், ஊசியைப் பார்த்ததும் செருப்பை விட்டுவிட்டு ஓடிய போலீஸ்காரர் எல்லாம் வந்தார்கள். அந்தப் பெண் கொஞ்சம் சிரித்தாள். பாட்டில் மட்டும் நிற்கவில்லை.

"மூண்ண்ணு!"

அக்கா எழுந்தாள். திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அவ்வளவுதான், கைப்பழக்கம் வேலையைக் காட்டிவிட்டது.

"நீ முதல்ல போம்மா. உள்ளே போயிட்டா சரியாயிரும். நான் அப்புறமா போறேன்."

நான் அக்காவின் கையைக் கிள்ளினேன். "அக்கா, இது பல் ஆஸ்பத்திரி இல்லக்கா!"

"சும்மா இருடி. அந்தப் புள்ள முகத்தைப் பாரு, சுண்ணாம்பு மாதிரி இருக்கு."

பெரியவர் ஒன்றும் சொல்லாமல் காலை மடக்கி வழிவிட்டார். ஐந்தாம் எண் உள்ளே போய்விட்டது.

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. "பாத்தியா?" என்று அக்கா என்னைப் பெருமையாகப் பார்த்தாள். அந்தப் பெண் வெளியே வந்ததும் பெரியவர் உள்ளே போனார். வந்தவள் கனவில் நடப்பவள் போலப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, என் விடுதியைப் பத்தி ஒரு கேள்விகூடக் கேக்கலை. முழுக்க முழுக்க உங்க பல் ஆஸ்பத்திரியைப் பத்தியே கேட்டாங்க. நானும் எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டேன்."

மேசையில் மூன்றாம் எண்ணின் விண்ணப்பம் விரிந்திருந்திருக்கிறது. அதிலிருந்த அக்காவின் படம் ஜெராக்ஸில் கறுத்து, யாருடைய முகமாகவும் இருக்கலாம் என்கிற நிலையில் இருந்தது. பயத்தில் இந்தப் பெண்ணும் "நான் அஞ்சு" என்று சொல்ல மறந்திருக்கிறாள்.

"போச்சு" என்றேன்.

"உங்க இடத்தை நான் தின்னுட்டேனாக்கா?" அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

அக்காவுக்கும் முகம் வெளுத்துத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டாள்: "போலீஸ்காரர் கதையைச் சொன்னியா?"

"சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க."

"அப்போ நல்லாத்தான் சொல்லியிருக்கே. எழுந்திரு, ரெண்டு பேரும் போவோம்."

"அஞ்ஞ்சு!" என்றது புறா. இரண்டு பேர் எழுந்து வருவதைப் பார்த்த அதிர்ச்சியில் கதவைச் சாத்த மறந்துவிட்டது. எனக்கு அது வசதியாய்ப் போயிற்று.

உள்ளே துறைத்தலைவி அம்மா இருந்தார். அவர் பேசினால் ஒவ்வொரு சொல்லும் படியிறங்கி வருவது போல நிதானமாக வரும். பக்கத்தில் ஒரு பேராசிரியர். எந்த வாக்கியத்தையும் "ஆனா" இல்லாமல் தொடங்கமாட்டார் என்பதால், மாணவர்கள் அவருக்கு ஆனா சார் என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

"மேடம், இந்தப் பொண்ணு அஞ்சு. நான் மூணு. மூணு கூப்பிட்டப்போ நான்தான் இவளை அனுப்பிட்டேன். தப்பு என்னோடது."

"ஆனா, மூணு வந்துட்டுப் போயாச்சே?"

"அது அஞ்சு சார்."

"ஆனா, மூணு சொன்ன பதிலெல்லாம் சரியா இருந்துச்சே?"

"அதெல்லாம் பெஞ்சுல உக்காந்து நான் சொன்ன கதை சார்."

துறைத்தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்கும்மா... இவங்களை... அனுப்பினீங்க?"

"ரொம்ப நடுங்கிட்டு இருந்தா மேடம்."

பழைய லாரி கிளம்புவது போல மெல்லத் தொடங்கி, அந்த அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஆனா சார் சிரிக்கவில்லை.

"ஆனா, இது நல்ல மனசு. நல்ல மனசுக்கு யாரும் முனைவர் பட்டம் குடுக்கறதில்லை. இதுல சமூகவியல் எங்க இருக்கு?"

அக்கா திரும்பி, திறந்திருந்த கதவு வழியாகப் பெஞ்சைப் பார்த்தாள்.

"நல்ல மனசு என்னோடது சார், அதை விடுங்க. வெளியே நாலாம் நம்பர் ஒருத்தர் இருந்தாரு. அஞ்சு தன்னைத் தாண்டிப் போறதை அவர் பாத்தாரு. ஏன்னு கேக்கலை. காலை மடக்கி வழி விட்டாரு. நீங்க போட்ட வரிசையை நாங்க மூணு பேரும் சேர்ந்து மாத்திட்டோம், யாரும் யாருகிட்டயும் அனுமதி வாங்கலை. அவர் ஏன் விட்டாரு? எனக்குத் தெரியலை. அதைப் படிக்கத்தான் வந்திருக்கேன்."

"ஆனா, இதைப் பத்தி மத்தவங்க எழுதினதைப் படிச்சீங்களா?"

"முக்கியமா ரெண்டு கட்டுரை படிச்சேன் சார். ஒண்ணு நல்லாப் புரிஞ்சது."

"இன்னொண்ணு?"

"அது எழுதினவருக்கே புரிஞ்சதான்னு சந்தேகமா இருக்கு சார்."

ஆனா சார் பேனாவை மூடினார்.

"ஆனா, அதை எழுதினது நான்தானே?"

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டது எனக்குக் கதவு வழியாகத் தெரிந்தது. பிறகு அந்தப் பெண்ணிடம் விடுதிகளைப் பற்றிக் கேட்டார்கள். ஏற்கெனவே ஒருமுறை சிரிக்க வைத்த இடம் என்பதாலோ என்னவோ, அவள் நடுங்காமல் வெளுத்து வாங்கினாள். அக்கா மட்டும் வீடு வந்து சேரும்வரை "பேராசிரியரைப் பாத்து என்னடி சொல்லிட்டேன் நான்!" என்று ஒரே பாட்டைப் பாடினாள்.

முடிவு வந்தபோது அவள் வேலையில் இருந்தாள். மறந்துவிட்டுப் போன மதியச் சாப்பாட்டைக் கொடுக்க நான் போயிருந்தேன். அவளுடைய கைபேசி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டது நான்தான்.

"இடம்... கிடைச்சிருச்சும்மா. உதவித்தொகை... அதுவும் சேர்த்து."

அக்கா கைபேசியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அப்புறம், "மேடம், அந்தச் சார் கோவமா இருப்பாரே?" என்றாள்.

"அவருதான் உங்களுக்காக... சண்டையே போட்டாரு. 'ஆனா, என் கட்டுரையைக் கடைசி வரைக்கும் படிச்ச ஒரே ஆளு இவங்கதானே'ன்னு சொல்லிட்டாரு. உங்க நெறியாளரும்... அவரேதான்."

"அஞ்சு, மேடம்?"

"அவங்களுக்கும்தான்."

அக்கா போட்ட கூச்சலில் டாக்டர் கையுறையோடு வெளியே ஓடி வந்தார். "யாருக்கு என்ன ஆச்சு?" விஷயம் தெரிந்ததும், "அடடா, பிரமாதம்!" என்று கையைத் தட்டினார். தட்டிய கை பாதியில் நின்றது. "அப்போ இங்க?" என்றார் பாவமாக. உள்ளே நாற்காலியில் வாய் நிறையப் பஞ்சோடு படுத்திருந்தவர், "ஆஹ்ஹுஹ்ஹஹ்!" என்று வாழ்த்தினார். முன்னறையில் இருந்தவர்கள் தங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கிடைத்தது போலக் கை தட்டினார்கள். அக்கா மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

அந்த நேரம் பார்த்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு புதிதாக ஒருவர் கதவைத் திறந்தார். மேசையில் ஒரு அழுகை, உள்ளேயிருந்து ஒரு "ஆஹ்ஹ்", கையுறையோடு நிற்கும் டாக்டர். எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தார். சத்தம் போடாமல் கதவைச் சாத்திக்கொண்டு, வந்த வழியே ஓட்டம் பிடித்தார்.