கப்பல் வரும்வரை போட்ட மாத்திரை

கர்ப்பத்தில் எனக்குத் தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தார்கள். பிள்ளைக்கும் சேர்த்து அந்தச் சுரப்பு தேவை. பிரசவம் ஆனதும் பழைய அளவுக்குத் திரும்பிவிட வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் இருந்த அந்த வரியை நான் மூன்று முறை படித்தேன்.

எங்கள் தீவின் டாலிகஞ்ச் மருந்துக்கடையில் பழைய அளவு மாத்திரை இல்லை.

"கப்பல் கேன்சலாம்," என்றார் கணவர், மழைக்கோட்டைக் கழற்றியபடி. "கடைக்காரன் 'ஷிப் ஆனே தோ பாய்'ங்கிறான், கப்பல் வரட்டுமாம். உன்கிட்டதான் ஸ்டாக் இருக்கே?"

இருந்தது. மழைக்காலத்தில் கப்பல் நிற்கும் என்று, மாசமாக இருந்தபோதே மெயின்லேண்டிலிருந்து வரவழைத்து அடுக்கிய பெரிய அளவு மாத்திரை. ஒன்றுமே போடாமல் இருப்பதைவிட இது பரவாயில்லை என்று நானே முடிவு செய்தேன். டாக்டரம்மாவிடம் கேட்கக் கூச்சம். பத்து மாதமும் சந்தேகம் கேட்டே அவரை அலுக்கவைத்தவள் நான்.

ஒரு மாதம் போனது. பிள்ளை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் இல்லை. படுத்திருக்கும்போதே நெஞ்சு படியேறியதுபோல் அடித்தது. குளியலறை வாளியைப் பார்த்தால், பிள்ளை அதற்குள் கிடப்பதுபோல் ஒரு கணம் தோன்றும். அதை யாரிடமும் சொல்லவில்லை.

"பச்ச உடம்புல காத்து பூந்திருக்கு," என்றார் தூத்துக்குடியிலிருந்து பிரசவம் பார்க்க வந்திருந்த அத்தை, என் கணவரின் அம்மா. "பூண்டத் தின்னு." தின்றேன்.

அவர்தான் தினமும் பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவார். அன்று, "ஏளா, இன்னைக்கு நீ ஊத்து. நா ஊருக்குப் போயிட்டா யாரு பாப்பா?" என்றார்.

கால் நீட்டி உட்கார்ந்தேன். எண்ணெய் தேய்த்த உடம்பு. தோளைப் பிடித்த என் கை நடுங்கியது. பிள்ளை வழுக்கித் தரையை நோக்கிப் போனது. அத்தை குனிந்து ஏந்திக்கொண்டார்.

"கையா இது, காத்தாடியா?" என்றவர், என் மணிக்கட்டைத் தொட்டதும் நிறுத்திக்கொண்டார். "என்னட்டி, இந்த அடி அடிக்கி? என்னத்த மறைக்க?"

மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினேன்.

ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, டாக்டரம்மா தன் மேசை இழுப்பறையைத் திறந்தார். பழைய அளவு மாத்திரை ஓர் அட்டை அங்கேயே இருந்தது.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா. உடம்புல ஏறினது இறங்கச் சில வாரம் ஆகும்."

கணவர் பிள்ளையோடு வெளியே இருந்தார். வாளியைப் பற்றி டாக்டரம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"மாத்திரையாலயும் இருக்கலாம். பிரசவத்துக்கு அப்புறம் ஹார்மோன் எல்லாம் ஒரேயடியா இறங்கும், அதனாலயும் இருக்கலாம். அடுத்த வாரமே வாங்க. அதிகமானா அன்னைக்கே வாங்க. அதுக்கும் கப்பல் வரட்டும்னு இருந்துடாதீங்க."

அந்த வாளி நினைப்பில் எவ்வளவு மாத்திரை, எவ்வளவு நான் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் அத்தையே கால் நீட்டி உட்கார்ந்தார். என்னிடம் துண்டை மட்டும் தந்தார். வாளி வழக்கமான இடத்தில் இல்லை. அவர் முதுகுக்குப் பின்னால், சுவரோரம் இருந்தது. அதைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.