விட்டுக் கொடுத்த சாவி

அக்கா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மூலக்குளத்திலிருந்து போன் செய்தால் "தலைவர் இருக்காரா?" என்றுதான் ஆரம்பிப்பாள். கல்யாணமான புதிதில் என் மனைவி, நான் ஏதோ கட்சியில் பெரிய பொறுப்பில் இருந்து கெட்டுப்போனவன் என்று நினைத்துக்கொண்டாளாம். நான் வகித்த ஒரே பதவி, நெல்லித்தோப்பில் ஒரு நடுநிலைப் பள்ளியின் ஏழாம் வகுப்பு லீடர். அதுவும் தகுதியால் வந்ததில்லை. பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது லீடரின் வேலை. அதிகமாகப் பேசுகிறவனையே லீடராக்கிவிட்டால் எழுத ஒரு பெயர் குறையுமே என்று எங்கள் வாத்தியார் யோசித்தார். அவ்வளவுதான்.

அந்தப் பள்ளியில் எதற்குப் பஞ்சம் இருந்தாலும் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. மணி அடித்த பிறகு வந்தால் கொடிக்கம்பத்தடியில் முட்டி போட வேண்டும். அரியாங்குப்பத்திலிருந்து வருகிற பிள்ளைகள், பாலத்தில் பஸ் மாட்டிக்கொண்ட பாவத்துக்கு வெயிலில் வரிசையாக முட்டி போட்டிருப்பார்கள். கால்பந்து ஒன்று இருந்தது. ஜன்னல் கண்ணாடி ஒன்றை உடைத்த குற்றத்துக்காக அது ஹெட்மாஸ்டர் அறை பீரோவின் மேல் ஆயுள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தது. அப்புறம் கக்கூஸ். குழாயை யாரோ கழற்றிக்கொண்டு போனதிலிருந்து அதற்குப் பூட்டு. இன்டர்வெல்லில் மட்டும் திறப்பார்கள். மற்ற நேரத்தில் அவசரம் என்றால் ஹெட்மாஸ்டர் அறைக்குப் போய், அங்கே உட்கார்ந்திருக்கிற சார்கள் எல்லார் முன்னாலும் எதற்கென்று சொல்லி, ஆணியில் தொங்கும் சாவியைக் கேட்டு வாங்க வேண்டும். பையன்களுக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே ஞாபகம் இருக்காது. பள்ளிக்குப் பின்னால் ஒரு குட்டிச்சுவர்; சுவருக்கு அந்தப் பக்கம் வாய்க்கால். எங்கள் உரிமைகள் அங்கே தாராளமாகப் பாய்ந்துகொண்டிருந்தன.

ஹெட்மாஸ்டர் கெட்டவர் இல்லை. மாதம் ஒருமுறை எல்லா லீடர்களையும் அறைக்குக் கூப்பிட்டு, "உங்களுக்கு எதனா குறை இருந்தா சொல்லுங்க. கேக்கறது உங்க உரிமை" என்பார். "ஒண்ணுமில்ல சார்" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு வந்துவிடுவோம். உரிமையை அதற்கு மேல் யாரும் உபயோகித்ததாகச் சரித்திரம் இல்லை.

அந்தச் சரித்திரத்தை மாற்றும் பொறுப்பு என் வாயால் எனக்கு வந்தது. அப்பா மில்லில் வேலை செய்தார், சங்கத்தில் இருந்தார். கேட் மீட்டிங்கில் அவர் பேசியதையெல்லாம் கொஞ்சம் காரம் சேர்த்து வகுப்பில் அளந்துகொண்டிருந்தேன். ஒருநாள் முட்டியெல்லாம் சிவந்துபோய் வந்த அரியாங்குப்பத்துப் பையன் ஒருவன் கேட்டான்: "உங்கப்பா மொதலாளியாண்டயே பேசறாருன்ற. நீ ஹெச்.எம். கிட்ட பேச மாட்டியா?"

"பேசுவேன்" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

லேட்டாக வருகிறவர்களுக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும். பந்தை விடுதலை செய்ய வேண்டும். இந்த இரண்டும்தான் வகுப்பின் கோரிக்கை. விஷயம் எட்டாம் வகுப்பில் இருந்த அக்காவின் காதுக்கும் போயிருந்தது. அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே பக்கத்தில் வந்தாள்.

"டேய், அந்தச் சாவி இருக்கில்ல, அத தையல் டீச்சர் ரூம்ல மாட்டச் சொல்றியா?"

"எந்தச் சாவி?"

"அதான்டா. கக்கூஸ் சாவி."

"எதுக்கு? இன்டர்வெல்லுல தான் தொறக்கறாங்களே."

"கேளேன். நான் உனக்கு மேப்பெல்லாம் வரைஞ்சு தரேன்."

"உங்க கிளாஸ் லீடர கேக்கச் சொல்லு."

"அவங்கிட்டயா?" என்றாள், நான் ஏதோ போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகச் சொன்ன மாதிரி. "நீதான்டா கேக்கணும். மறந்துடாத." மடித்த சட்டையையே மறுபடி பிரித்து மடித்தாள். மேப் வரைந்து தருவது நல்ல பேரமாகத் தெரிந்ததால் சரி என்றேன்.

அப்பா ஷிப்ட் முடிந்து, தலையில் பஞ்சுத் தூசியோடு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் முதலில் சிரித்தார். பிறகு அவருக்கே ஆசை வந்துவிட்டது. முகம்கூடக் கழுவாமல் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு ஹெட்மாஸ்டராக உட்கார்ந்துகொண்டார்.

"உள்ள வா. உக்காரு."

உட்கார்ந்தேன்.

"போச்சு! உக்காரச் சொன்னா உக்காந்துடுவியா? நின்னுக்கினே பேசு. டீ குடுப்பாங்க, குடிக்காத. பேச்சு முடியற வரைக்கும் வாயில எதுவும் போடக் கூடாது. அவங்க டீ உள்ள போயிடுச்சின்னா அப்புறம் உன் வாயிலேர்ந்து 'சரிங்க சார்' மட்டும்தான் வரும்."

"சரிப்பா."

"இன்னொண்ணு. உனக்கு ரெண்டு வேணும்னா மூணு கேளு. ஒண்ண விட்டுக் குடு. அப்பதான் எதிர்ல இருக்கறவனுக்கும் எதனா ஜெயிச்ச மாதிரி இருக்கும். ஆனா எத விடறதுன்னு உள்ள போறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிக்கினு போ."

அடுப்படியிலிருந்து அம்மா, "மில்லுல பேசனதெல்லாம் ஜெயிச்சாச்சு, இப்ப பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டாரு" என்றாள். அப்பா காதில் வாங்கவில்லை. எனக்கோ மனம் லேசாகிவிட்டது. வேண்டியது இரண்டு. கையில் இருப்பது மூன்று. எதை விடுவது என்பதில் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை.

கூட்டத்தன்று முதல் பாடத்திலேயே கோட்டை விட்டேன். ஹெட்மாஸ்டர், "உக்காருங்கப்பா" என்று முடிப்பதற்குள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கென்று பார்த்து அவர் பிறந்தநாள். பேக்கரியிலிருந்து நீள ரொட்டி வாங்கி, துண்டு போட்டு, வெண்ணெய் தடவி வைத்திருந்தார். தட்டு என்னிடம் வந்தது. பயத்தில் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது, எடுத்தேன். வாய்க்கும் வேலை வேண்டியிருந்தது. முழுத்துண்டையும் உள்ளே தள்ளினேன். அந்த நிமிஷம் பார்த்து, "யாருக்காச்சும் குறை இருக்கா?" என்றார்.

எழுந்து நின்றேன். அப்பா சொன்னதில் அதுவரை நான் கடைப்பிடித்தது அது ஒன்றுதான். வாயில் ரொட்டி. கண்ணில் தண்ணீர். ஹெட்மாஸ்டர் பதறிப்போய் முதுகில் தட்டி, டம்ளரில் டீயும் கொடுத்தார். குடித்தேன். மில் சங்கத்தின் சட்டங்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மீறிவிட்டு, மூன்றையும் மளமளவென்று ஒப்பித்தேன்: லேட்டு, பந்து, சாவி.

எட்டாம் வகுப்பு லீடர் என்னைவிட்டு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தான். என்னை அடிக்கும்போது தன்மேல் படக் கூடாது என்ற முன்யோசனை.

ஹெட்மாஸ்டர் கோபப்படவில்லை. "பாலத்துல டிராபிக்குன்னா பசங்க இன்னா பண்ணுவாங்க? பிரேயர் முடியற வரைக்கும் வரலாம். முட்டி போட வேணாம்" என்றார். இவ்வளவு சுலபமா? "பந்து மட்டும் கேக்காத. கண்ணாடி போட்டது என் கைக்காசு." பிறகு, "சாவி தையல் டீச்சர் ரூம்லயா? அது இன்னாப்பா பெரிய விஷயம்" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியிலிருந்து பாதி எழுந்து ஆணிப் பக்கம் கையை நீட்டினார்.

அந்தக் கை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. சாவிக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழம் கூட இல்லை.

என் புத்தி அப்போதுதான் வேலை செய்தது. பந்து போகிறதே! விட்டுக் கொடுக்க வேண்டியதை அவர் வாங்கிக்கொள்வதற்குப் பதிலாகக் கொடுக்கப் பார்க்கிறாரே! "சார், சார்! சாவி வேணாம் சார்! அத நாங்க விட்டுக் குடுத்துடறோம். பந்த மட்டும் குடுத்துடுங்க சார்!"

நீட்டிய கை நின்றது. ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார், மற்ற சார்களைப் பார்த்தார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவரும் விழுந்து விழுந்து சிரித்தார். "யாருடா உனக்குக் கத்துக் குடுத்தது? சரி, எடுத்துக்கினு போ" என்று பீரோ மேலிருந்து பந்தை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். சாவி இருந்த இடத்திலேயே இருந்தது.

வெளியே வந்ததும் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். மேலிருந்து பார்த்தபோது வேப்பமரத்தடியில் எட்டாம் வகுப்புப் பெண்கள் நின்றிருந்தார்கள். அக்கா என்னைப் பார்த்துக் கேள்வியாகத் தலையை அசைத்தாள். நான் பந்தை உயரத் தூக்கிக் காட்டினேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் அப்பாவுக்கு ஒவ்வொரு சொல்லாகக் கேட்க வேண்டும். ரொட்டி தின்றதை மட்டும் மறைத்து, மீதியைச் சொன்னேன்.

"எத விட்டுக் குடுத்த?"

"கக்கூஸ் சாவிய."

அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. "பலே! இல்லாத ஒண்ண குடுத்து இருக்கற ஒண்ண வாங்கினு வந்துட்டான்யா!" அம்மா குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்று அக்காவைப் பார்த்தாள். அக்கா தட்டைப் பார்த்தாள்.

"எரும. வாய மூடிக்கினு சாப்புடு" என்றாள் அம்மா. ஜெயித்துவிட்டு வந்தவனுக்கு இதுதானா மரியாதை என்று எனக்கு ரோஷம் வந்தது.

பாத்திரம் கழுவும்போது அக்காவிடம் போய், "ஒண்ண விட்டாதான் இன்னொண்ணு கெடைக்கும். அதான் ரூலு. அடுத்த மாசம் கேக்கறேன்" என்றேன்.

"சரிங்க தலைவரே" என்றாள். அன்றுதான் முதல்முதலில் அப்படிக் கூப்பிட்டாள். மேப்பெல்லாம் சொன்னபடி வரைந்து கொடுத்தாள். அடுத்த மாதம் நான் கேட்கவில்லை. பந்து இருந்ததால் எனக்குக் குறையே இல்லாமல் போயிருந்தது.

அந்த வருஷம் அக்கா மாதத்தில் சில நாள் பள்ளிக்கு வரவில்லை. வயிற்று வலி என்பாள். எனக்கு மட்டும் ஏன் இப்படி மாதம் தவறாமல் வயிற்று வலி வருவதில்லை என்று வருத்தமாக இருக்கும். ஒருமுறை அவளைப் பார்த்து நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டேன். அம்மா விளக்கெண்ணெய் கொடுத்தாள். ஆண்டு முடிவில் அக்காவுக்கு அட்டெண்டன்ஸ் போதவில்லை என்றார்கள். அதுவும் ஒரு சட்டம். ஹெட்மாஸ்டர் அம்மாவைக் கூப்பிட்டு, "நல்லா படிக்கற பொண்ணு, ஏன் இவ்வளவு லீவு?" என்று கேட்டார். சார்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்த அந்த அறையில் அம்மா, "ஒடம்பு சரியில்ல சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். எட்டாம் வகுப்பை இன்னொரு வருஷம் படிக்க வேண்டுமாம்.

அப்படியென்றால் என் வகுப்பில். எட்டாம் வகுப்பிலும் நான்தான் லீடர் என்று நினைப்பு; கரும்பலகையில் அவள் பெயரை எப்படி எழுதுவது? என் வண்டவாளத்தையெல்லாம் தினம் வீட்டில் சொல்லிவிடுவாளே? அவள் பாஸாக வேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டேன். பாஸாகவில்லை. ஆனால் அதைவிட நல்ல செய்தி வந்தது. அக்கா இனிமேல் பள்ளிக்கூடத்துக்கே போகப் போவதில்லை என்று சொல்லிவிட்டாளாம். அப்பா கத்தினார், அம்மா அவள் புத்தகங்களை எடுத்துப் பரணில் வைத்தாள்.

பள்ளி திறந்த அன்று காலை, என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்து, காலரை இழுத்து நேராக்கினாள் அக்கா. வெளியே பிள்ளைகள் போகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வீட்டுப்பாடம் இல்லை, பிரம்படி இல்லை, கொடுத்து வைத்தவள் என்று எனக்கு உள்ளுக்குள் எரிந்தது.

"உனக்கு இன்னா, இனிமே ஜாலிதான்" என்றேன்.

"ஆமாண்டா. ஜாலிதான். நீ கெளம்பு, பிரேயருக்கு நேரமாவுது" என்றாள்.

அவள் சொன்னதை நான் நம்பினேன். பொறாமையில் தெருமுனை வரைக்கும் திரும்பிப் பார்க்கவே இல்லை.