உட்கார்ந்தே ஆடிய ஆட்டம்

போன வாரம் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தேன். ஒரகடம் கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில், கீழே மருந்துக் கடை, மாடியில் பல் ஆஸ்பத்திரி. டோக்கன் வாங்கி உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால் திக்கென்றது. எனக்கு இந்த ஹாலைத் தெரியும். சுவருக்குப் பெயிண்ட் அடித்து, நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்து, பல் விளக்கும் குழந்தை படத்தை மாட்டிவிட்டால் எனக்கு அடையாளம் தெரியாமல் போய்விடுமா? ரிசப்ஷன் பெண் போனில் சளசளவென்று பேசிக்கொண்டிருந்த இடத்தில்தான் ஒரு காலத்தில் பச்சைத் துணி போர்த்திய மேஜை கிடந்தது.

இப்போது அங்கே கிராம்புத் தைலம் மணக்கிறது. அப்போது அடித்தது வேறு வாடை. கோல் நுனிக்குத் தடவும் நீலச் சாக்பீஸ், கைக்குப் போடும் டால்கம் பவுடர், கீழே மெஸ்ஸில் சமோசா பொரிந்த எண்ணெய், எல்லாவற்றுக்கும் மேலே ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்த நாற்பது பேரின் வியர்வை. நல்ல வாசனை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வயதில் எனக்கு அந்தக் கதவைத் திறந்ததும் முதுகு நிமிர்ந்துவிடும். மற்ற இடங்களில் எல்லாம் கூனிக்கொண்டு நின்றவன் நான்.

சாத்தூர் பக்கத்திலிருந்து டிப்ளமோ சர்டிஃபிகேட்டோடு வந்து, காருக்குக் கதவு செய்யும் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்டில் சேர்ந்திருந்தேன். ஒரு அறையில் ஆறு பேர். ஒருவன் எழுந்து முதல் ஷிஃப்டுக்குப் போனால் அடுத்தவன் வந்து அதே பாயில் விழுவான், பாய் சூடு ஆறவே ஆறாது. வார விடுமுறைக்குப் போக்கிடம் தணிகாசலத்தின் மாடிதான். அவர் உள்ளூர்க்காரர், கட்டடமும் அவருடையது. ஸ்னூக்கர் சென்டர் என்று போர்டு போட்டிருந்தார், உள்ளே ஸ்னூக்கர் மேஜையே கிடையாது. இருந்தவை அதைவிடச் சின்ன மேஜைகள். அந்த ஆட்டத்தின் சரியான பெயரைத் தமிழில் எழுதினால் நீங்கள் என்னை அடிக்க வருவீர்கள், ஊருக்குப் போன் பேசும்போது நாங்களும் மரியாதையாக பில்லியர்ட்ஸ் என்றுதான் சொல்லுவோம்.

விளையாட்டு எளிது. ஒன்று முதல் ஒன்பது வரை எண் போட்ட பந்துகள். வெள்ளைப் பந்தால் அடித்து வரிசையாகக் குழியில் தள்ள வேண்டும், ஒன்பதைத் தள்ளியவன் ஜெயித்தான். முதல் அடி அடித்துக் குவியலை உடைக்கும்போதே ஒரு பந்து விழுந்துவிட்டால் உடைத்தவனே தொடரலாம். தவறவிடும் வரை மேஜை அவனுடையது, எதிராளி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். தணிகாசலம் கடையில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஜெயித்தவன்தான் அடுத்த ஆட்டத்தையும் உடைப்பான். தோற்றவன் டேபிள் வாடகையைக் கொடுத்துவிட்டு ஓரமாகப் போவான். இந்த வழக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் மேஜையை விட்டு இறங்காமல் நின்றிருக்கிறேன். என் அறைக்காரன் முத்துப்பாண்டி, சங்கரன்கோவில்காரன், எனக்கு மேனேஜர் மாதிரி. யாரையாவது இழுத்துவந்து என் எதிரில் நிறுத்துவான், அவன் தோற்றதும் விழுந்து விழுந்து சிரிப்பான். சிரிப்பதற்கென்றே பிறந்த பயல்.

அந்த வருஷம் எங்கள் பேட்சுக்குக் கான்ட்ராக்ட் முடிகிற நேரம். புதுப்பிப்பார்களா, கேட்டைக் காட்டுவார்களா என்று யாருக்கும் தெரியாது. தங்கையை நர்ஸிங்கில் சேர்த்துவிட்டிருந்தோம், நான் சும்மா வீட்டுக்குப் போய் நிற்க முடியாது. அந்தச் சமயத்தில்தான் தணிகாசலம் மாடியில் பெரிய போட்டி வரப்போகிறது என்றார்கள், சென்னையிலிருந்து இதையே தொழிலாக ஆடுகிறவர்கள் வருவார்களாம். எங்கள் ஹெச்.ஆர். பிரபாகர் சார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் ஆடுவது அவர் காதுவரை போயிருந்தது, முத்துப்பாண்டி உபயம்.

"ஒரே ஒரு மேட்ச் ஜெயிச்சுட்டு வாப்பா. கம்பெனி டீமுக்கு ஆள் வேணும்னு மேல எழுதி ஒன்ன பர்மனென்ட் ரோல்ல போடப் பாக்கறேன். நானே வந்து பாப்பேன்," என்றார்.

ஒரே ஒரு மேட்ச். எனக்கு வேலையே கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது. முத்துப்பாண்டி அன்றைக்கே எல்லாருக்கும் சொல்லிவிட்டான்.

போட்டியை நடத்த வந்தவர் ஷீலா மேடம். ஐம்பது வயதிருக்கும், நரைத்த கிராப்பு, கழுத்தில் விசில், எந்நேரமும் பாக்கெட்டில் ஒரு ரசமட்டம். நான் பார்த்த ஒழுங்கான மனுஷி என்றால் அவர்தான், இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். முதல் நாளே மேஜைக்கு அடியில் படுத்து நாலு காலுக்கும் ரப்பர் கொடுத்து மட்டம் பார்த்தார். துணியை ஒரே திசையில் பிரஷ் போட்டார். ஆடுகிறவன் கோலைப் பின்னால் இழுத்தால் பார்க்கிறவன் முழங்காலில் இடிக்காதபடி நாற்காலிகளைத் தள்ளிப்போட்டார். எந்தக் கம்பெனியில் யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று விசாரித்து, பஸ் நேரம் பார்த்து, அதற்கேற்ப ஆட்டங்களை அமைத்தார். எங்களுக்காக எங்கள் மேனேஜர்கள்கூட இத்தனை யோசித்ததில்லை. பந்து ஓடும்போது பேச்சு கூடாது, போன் கூடாது. காத்திருக்கும் ஆட்டக்காரனுக்கு ஒரு மேடை கட்டி, மேலே ஒரு விளக்கும் போட்டார். பார்க்க வந்தவர்களுக்கு ஆடுகிறவன் முகம் மட்டுமல்ல, காத்திருக்கிறவன் முகமும் தெரிய வேண்டுமாம். அதில்தான் ஆட்டத்தின் சுவை இருக்கிறதாம். உண்மைதான், என் முகம் நன்றாகவே தெரிந்தது.

ஆட்டக்காரர்கள் கூட்டத்தில் உடைப்பதைப் பற்றிப் பேச்சு வந்தது. மாற்றி மாற்றி உடைப்பதுதான் நல்லது, அப்போதுதான் இரண்டு பேருடைய ஆட்டத்தையும் ஜனங்கள் பார்க்கலாம் என்றார் மேடம். சென்னைக்காரர்கள் எதற்கும் தலையாட்டினார்கள். எங்கள் பக்கம் முணுமுணுப்பு கிளம்பியது. தோற்றவன் உடைப்பதா? எங்கள் கடையில் அது ரேஷன் கடை வரிசை மாதிரி இருக்கும். முத்துப்பாண்டி ஆட்டக்காரனே இல்லை, இருந்தாலும் எழுந்து நின்று ஜெயித்தவனுக்குத்தான் மரியாதை என்று ஒரு பிரசங்கம் செய்தான். மேடம் அவனை உட்காரச் சொல்லிவிட்டு நேராக என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க சொல்லுங்க. நாளைக்கு மொத மேட்ச் உங்களோடது."

"ஜெயிச்சவந்தான் ஒடைக்கணும் மேடம். அதுதான் ஆம்பள ஆட்டம்," என்றேன். பின்னாலிருந்து பலத்த கைதட்டல். மேடம் சரி என்று எழுதிக்கொண்டார்.

எதிராளி ரியாஸ். என் வயதுதான், ஒல்லி, அடக்கமான ஆள். கை குலுக்கும்போது "ஆல் த பெஸ்ட் ப்ரோ" என்று என் தோளில் தட்டினார். ஞாயிறு மதியம், ஹால் நிரம்பி வழிந்தது. பிரபாகர் சார் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் லைன்காரர்கள் ஓ.டி.யை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். முதலில் ஐந்து ஆட்டம் எடுப்பவருக்கு மேட்ச். யார் முதலில் உடைப்பது என்பதற்கு இருவரும் ஆளுக்கொரு பந்தை மேஜையின் எதிர் ஓரத்தில் மோதித் திரும்பும்படி அடிக்க வேண்டும், யாருடையது தன் பக்க ஓரத்துக்கு நெருக்கமாக வந்து நிற்கிறதோ அவருக்கு உடைக்கும் உரிமை. என் பந்து அழகாக வந்தது. அவருடையது அதைவிட ஒரு விரல்கடை நெருங்கி நின்றது. நான் பந்தையே தொடவில்லை என்று பிற்பாடு கதை கட்டினார்கள், அது அபாண்டம். அந்த ஒரு பந்தை நான் தொட்டேன்.

ரியாஸ் உடைத்தார், இரண்டு பந்து விழுந்தது. பிறகு ஒவ்வொன்றாக, கடையில் சாமான் எடுத்து அடுக்குகிறவர் மாதிரி, அலட்டிக்கொள்ளாமல் ஒன்பது வரை தள்ளிவிட்டார். ஜெயித்தவர் அவர், ஆகவே அவரே உடைத்தார். மறுபடியும் பந்து விழுந்தது. நான் மேடையில், விளக்குக்குக் கீழே, கோலை இரண்டு காலுக்கும் நடுவில் நட்டுவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாக்கைத் தேய்த்தேன். தண்ணீர் குடித்தேன். மறுபடி சாக்கைத் தேய்த்தேன். எங்கள் ஆட்கள் முதல் ஆட்டத்தில் என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். இரண்டாவதில் சும்மா இருந்தார்கள். மூன்றாவது முடிந்தபோது ரியாஸுக்குக் கைதட்டினார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய, அப்படி ஒரு ஆட்டம் அது. கையில் கோல் இல்லாவிட்டால் நானும் தட்டியிருப்பேன்.

நாலாவதில் ஏழாம் பந்து குழியின் விளிம்பில் போய் நின்றது. விழவில்லை. ஹாலே மூச்சை இழுத்தது. நான் எழுந்தேன். மிச்சம் மூன்றே பந்துகள், மூன்றும் பச்சைப் பிள்ளை தள்ளுகிற இடத்தில். அதை முடித்தால் ஆட்டம் எனக்கு, அடுத்தும் உடைப்பது நான், நான்தானே அப்படிக் கேட்டேன்? மேடையிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தேன். அந்த நேரம் பார்த்துக் கீழே ரோட்டில் கார் ஏற்றிய ட்ரெய்லர் ஒன்று போனது. கட்டடம் லேசாக அதிர்ந்தது. எங்களுக்கு அது பழக்கம்தான், டம்ளரில் டீகூட ஆடும். பந்து ஒரு புரட்டுப் புரண்டு குழியில் விழுந்தது.

எல்லாரும் மேடத்தைப் பார்த்தார்கள். விளிம்பில் நின்ற பந்து ஐந்து நொடிக்குள் தானாக விழுந்தால் அடித்தவர் கணக்கு என்பது விதி. மேடம் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார், மூன்று விரல் நீட்டியிருந்தது. "ரியாஸ் தொடரலாம்," என்றார். நான் ஒரு கால் கீழே ஒரு கால் மேலேயாக நின்றேன். அப்போதுதான் அந்தச் சிரிப்பு வந்தது. பின்வரிசையில் முத்துப்பாண்டி தொடங்கி வைத்தான். அடக்கப் பார்த்து முடியாமல் மூக்கு வழியாக வந்த சிரிப்பு. அது வரிசை வரிசையாகப் பரவி முன்னால் வந்தது. பேசக்கூடாது என்று அத்தனை கண்டிப்பான ஹால் அல்லவா, ஒவ்வொருவன் சிரிப்பும் தனித்தனியாகக் கேட்டது. யார் யார் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். நான் திரும்பவும் போய் உட்கார்ந்தேன். ஐந்தாவது ஆட்டத்தை நான் பார்க்கவில்லை, கண்ணை நீர் மறைத்துவிட்டது.

மேடம் வந்து பக்கத்தில் நின்றார். ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். மாற்றி மாற்றி உடைத்திருந்தால் இரண்டு முறை எனக்கு வந்திருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு மேஜையைத் துடைக்கப் போனார். தணிகாசலம் என் கையிலிருந்து கோலை வாங்கிக்கொண்டே, "இன்னாபா, கடைசி வரிக்கும் குந்திக்கினே இருந்துட்டியே," என்றார். அவர் வருத்தமாகத்தான் சொன்னார், அதற்கும் சிரித்தார்கள்.

பிரபாகர் சாரைப் படியில் ஓடிப் பிடித்தேன். இன்னொரு வாய்ப்பு கொடுங்கள், எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் வந்து ஆடிக் காட்டுகிறேன் என்று கெஞ்சினேன். அவர் கெட்டவர் இல்லை. படியில் நின்று என் பக்கம் திரும்பினார்.

"தோத்திருந்தாகூட, நல்லா ஆடித் தோத்தான்னு எழுதலாம்பா. நீ ஆடவே இல்லையே. என்னன்னு எழுதுவேன்?"

அடுத்த நாளிலிருந்து எனக்கு ஆடியன்ஸ் என்று பெயர். கேன்டீன் வரிசையில் நின்றால், ஆடியன்ஸுக்கு நாற்காலி போடுங்கப்பா, அவருக்கு நின்று பழக்கமில்லை என்பார்கள். லைனில் கதவு வந்து சேரத் தாமதமானால், கவலைப்படாதே, உனக்குக் காத்திருக்கத் தெரியுமே என்பார்கள். சூப்பர்வைசர்கூட ஒரு நாள் அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மாசக் கடைசியில் கேட் பாஸை வாங்கிக்கொண்டார்கள். முத்துப்பாண்டிக்குப் புதுப்பித்துவிட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தான், வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. பரவாயில்லையே, பயலுக்கும் நெஞ்சில் ஈரம் இருக்கிறது என்று நினைத்தேன். பஸ் வந்ததும் வாயைத் திறந்தான்.

"பஸ்சுலயாவது நின்னுட்டுப் போ மாப்ள. உக்காந்து உக்காந்து தேஞ்சிருவ."

கண்டக்டர்கூடச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. ஊருக்குப் போக முகமில்லாமல் படப்பையில் இறங்கி ஷேர் ஆட்டோ ஓட்டினேன், அப்படியே மனை புரோக்கர் ஆனேன். இதில் வாய்தான் முதல், எனக்கு அது இருந்தது. தங்கை படிப்பை ஒரு வருஷத்தோடு நிறுத்திவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டாள். அவள் இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, நான் அந்தப் பக்கமே பேச்சை எடுப்பதில்லை.

தணிகாசலம் மேஜைகளை விற்றுவிட்டு மாடியை வாடகைக்கு விட்டார், இப்போது அவரும் இல்லை. ஷீலா மேடத்தின் போட்டி அடுத்த வருஷம் நடக்கவில்லை, அந்த மாதிரி ஒழுங்கான ஒன்று இந்தப் பக்கத்தில் பிறகு நடக்கவே இல்லை. எங்கள் லைனில் மனிதக் கைகளுக்குப் பதில் இயந்திரக் கைகள் வந்து, அந்த பேட்சில் மிச்சமிருந்தவர்களும் ஓசூர், குஜராத், துபாய் என்று போய்விட்டார்கள். முத்துப்பாண்டி நம்பருக்கு ஒரு தரம் போட்டுப் பார்த்தேன், அது உபயோகத்தில் இல்லையாம்.

இரண்டு மாதத்துக்கு முன் மனை பார்க்க ஒரு தம்பதி வந்தார்கள். அவர் பைக்கை நிறுத்தி இறங்கியதுமே தெரிந்துவிட்டது. ரியாஸ். கொஞ்சம் சதை போட்டிருந்தார். ஆட்டத்தை விட்டாயிற்றாம், இன்வெர்ட்டர் பேட்டரி வியாபாரமாம். நாம் ஒருமுறை ஒரகடத்தில் ஆடியிருக்கிறோம் என்றேன். நெற்றியைச் சுருக்கி என்னைப் பார்த்தார். சுத்தமாக நினைவில்லை. எப்படி இருக்கும், அன்றைக்கு அவர் மேஜையைத் தவிர எதைப் பார்த்தார்?

"மறக்க முடியுமா சார், செம ஃபைட்டு குடுத்தீங்களே," என்றார். அதே மூச்சில், "நம்ம ஆளாயிட்டீங்க, ரேட்ட கொஞ்சம் பாத்துப் போடுங்க," என்றார்.

அவர் மனைவி ஆர்வமாக, யார் ஜெயித்தது என்று கேட்டாள். ரியாஸ் சிரித்தபடி என் முகத்தைப் பார்த்தார், அதையும் நானே சொல்லட்டும் என்பது போல.

"இவருதாம்மா. கடைசி ஆட்டம் வரைக்கும் இழுத்துட்டுப் போனோம்," என்றேன்.

சொல்லி முடித்ததும் எனக்கு முதுகெல்லாம் கூசியது. பின்னாலிருந்து இந்நேரம் ஒரு மூக்குச் சிரிப்பு கிளம்பியிருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தேன். எல்லைக்கல் நட்ட வெறும் மனைகள், நல்ல வெயில். சிரிப்பதற்கு ஒரு பயல் இல்லை.