மூன்று பேர் திரும்பி வராத ரோலர் கோஸ்டர்

பிள்ளைகள், சென்ற சனிக்கிழமை பூங்காவில் வரிசையில் நிற்கும்போது இருவரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். ரோலர் கோஸ்டர் வாசலைப் பேய்வீடு மாதிரிச் சோடித்து, இதில் ஏறினவர்களில் சிலரை இன்னும் தேடுகிறோம் என்று பெரிதாக எழுதி வைத்திருந்தார்களே, அது உண்மையா என்று. நான் பொய் என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். மெதுவாக வாசியுங்கள். விளங்காத இடத்தில் அப்பம்மாவைக் கேளுங்கள். இதில் அவரும் இருக்கிறார்.

எனக்கு அப்போது பத்து வயது. ஸ்காபரோவில் ஒரு கட்டடத்தின் பன்னிரண்டாம் மாடியில் இருந்தோம். அப்பா, உங்கள் அப்பம்மாவான என் அம்மா, நான், அம்மாவின் தம்பியான என் மாமா. இப்போது ரூஜ் பக்கம் குடியிருப்பதால் நீங்கள் ரூஜ் தாத்தா என்று கூப்பிடுகிறவர்தான் அந்த மாமா. அப்போது அவருக்குத் தலை நிறைய மயிர் இருந்தது. படுக்கை எங்கள் சோபாவில். நகரத்துக்கு வடக்கே ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் வேலை. அங்கே ரோலர் கோஸ்டரைப் பராமரிக்கிற ஆட்களில் அவரும் ஒருவர். பூங்கா திறக்கும் முன்பே போய், தண்டவாளத்தின் ஓரத்துப் படிகளில் ஏறி நடந்து, ஒவ்வொரு போல்ட்டாகப் பார்க்க வேண்டும். இந்த நாட்டில் அவர் விரும்பிச் செய்த முதல் வேலை அது. அதற்கு முன் இரண்டு வருடம் உணவகத்தில் கோப்பை கழுவினார். பூங்கா மூடியிருக்கிற மாரிகாலத்தில் படிப்புக்கு அனுப்புகிறேன், முடித்தால் லைசென்ஸ் கிடைக்கும் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். மாமா அந்தச் செய்தியை எங்கள் வீட்டில் நாலைந்து தடவை சொல்லிவிட்டார்.

அந்த ரோலர் கோஸ்டர் பழையது. வெள்ளிப் பறவை என்று பெயர். பழையது என்பதால் அதில் ஏற ஆட்கள் குறைந்துகொண்டே போனார்கள். ஒக்ரோபர் பிறந்ததும் பூங்காக்காரர்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பறவையின் பெயரை அழித்துவிட்டு, சாபம் என்று எழுதினார்கள். பேய் வேசமும் பூசணிக்காயுமாகக் கொண்டாடுகிற ஹலோவீன் மாதம் முழுவதும் அந்தப் பெயர்தான். வீடு வீடாக ஒரு தாளும் அனுப்பினார்கள். கறுப்புத் தாள், சிவப்பு எழுத்து. இதைக் கட்டிய மூன்று தொழிலாளர்கள் வீடு திரும்பவில்லை, நீங்கள் திரும்புவீர்களா என்று அதில் போட்டிருந்தது.

தபால் பெட்டியிலிருந்து அதை எடுத்துக்கொண்டு மேலே ஓடினவன் நான்தான். அம்மா குசினியில் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்கு வருகிற எந்தக் கடிதத்தையும் தமிழில் சொல்வது என் வேலை. வங்கிக் கடிதம், வாடகைக் கடிதம், டொக்டரின் கடிதம் எல்லாவற்றையும் நான்தான் வாசித்துச் சொல்வேன். அந்த வேலையில் நான் கெட்டிக்காரன், அது எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு இருந்ததை மட்டும் சொல்லி நிறுத்த மனம் வரவில்லை. காற்றடித்தால் அந்த மூன்று பேரும் கூப்பிடுகிற சத்தம் கேட்குமாம் என்றேன். ஒருவர் காலில் போட்டிருந்த சப்பாத்து இன்னும் தண்டவாளத்தில் சிக்கியிருக்கிறதாம் என்றேன். பூங்காவில் விளம்பரம் எழுதினவருக்குக்கூட அந்தச் சப்பாத்து தோன்றியிருக்காது.

அம்மாவின் கை மாவுக்குள் அப்படியே நின்றது.

"மூண்டு பேரோ?"

"ஓம் அம்மா, மூண்டு பேர்."

"வீட்டை வரவே இல்லையோ?"

வரவே இல்லை என்று நல்ல சந்தோசமாகச் சொன்னேன். அன்று புட்டு அவிக்கவில்லை. பாணும் பட்டரும்தான் சாப்பிட்டோம்.

பின்னேரம் மாமா வந்தவுடன், நாளையிலிருந்து அந்த வேலைக்குப் போக வேண்டாம் என்று அம்மா சொன்னார். மாமா தாளை வாங்கிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு சிரித்தார். ஒருவரும் சாகவில்லை, ஒருவருக்கு விரல்கூட நசுங்கவில்லை, ஆட்களை இழுக்க எழுதின பொய் அது என்று விளக்கினார். அம்மா கேட்கவில்லை. மாமா படிப்பைப் பற்றிச் சொன்னார், லைசென்ஸைப் பற்றிச் சொன்னார். அதையும் அம்மா கேட்கவில்லை. கோபித்துக் கத்துகிற பழக்கம் அம்மாவுக்கு இல்லை. பேசாமல் இருந்து, சாப்பிடாமல் இருந்து, எதிரில் இருப்பவரைக் களைக்க வைப்பார். இரண்டாம் நாள் மாமா களைத்துப் போனார்.

"அக்கா, ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. எனக்கு வீட்டு ஆக்களுக்கெண்டு உள்ள போக ரிக்கற் தந்திருக்கிறாங்கள். வந்து உங்கட கண்ணால பாருங்கோ. பாத்துப்போட்டும் போகாதை எண்டு சொன்னியளெண்டால், போகேல்லை."

அம்மா சரி என்றார். மாமாவின் லைசென்ஸ் இனி அம்மாவின் கையில் இருந்தது. எனக்கோ ரோலர் கோஸ்டர் பார்க்கக் கிடைத்த சந்தோசம். என்ன நடந்தாலும் ஏறுவேன் என்று வகுப்பு முழுவதற்கும் சொல்லி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு வேலை. அம்மாவும் நானும் மூன்று பஸ் மாறிப் போனோம். அம்மாவின் கையில் ஒரு பாரமான பை. என்ன என்று கேட்டேன், சொல்லவில்லை. வாசலில் காவலாளி பையைத் திறக்கச் சொன்னபோதுதான் நானும் பார்த்தேன். உள்ளே ஒரு நீத்துப்பூசணிக்காய். மேலே சதுரமாக வெட்டி, உள்ளே குங்குமத் தண்ணீர் விட்டு, வெட்டின துண்டாலேயே மூடியிருந்தது. புது வாகனம் வாங்கினால், புது வீடு குடிபோனால், கண்ணூறு கழியவென்று நாங்கள் வெட்டுவோமே, அந்தக் காய். காவலாளி விடமாட்டார் என்று நினைத்து நான் அம்மாவின் பின்னால் ஒளிந்தேன். ஆனால் பூங்கா முழுவதும் பூசணிக்காய் அடுக்கியிருந்த மாதம் அது. காவலாளி காயைத் தடவிப் பார்த்து, வெள்ளைப் பேய்ப் பூசணி, அருமை என்று சொல்லி, இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

ரோலர் கோஸ்டர் வாசலை நன்றாகவே சோடித்திருந்தார்கள். பஞ்சில் செய்த சிலந்தி வலை, வெள்ளை ரெஜிபோம் தக்கையில் செய்த கல்லறைகள், மரத்துக்கு மரம் வௌவால். நடுவில் மூன்று எலும்புக்கூடுகள். மூன்றுக்கும் தொப்பி வைத்து, பராமரிப்பு ஆட்கள் சட்டைக்கு மேலே போடுகிற செம்மஞ்சள் வெஸ்ட் போட்டிருந்தார்கள். அம்மா நேரே நடுவில் நின்ற எலும்புக்கூட்டிடம் போனார். அதன் பொக்கற்றைப் பிடித்துப் பார்த்தார். கிழிந்த பொக்கற் நீல நூலால் தைக்கப்பட்டிருந்தது.

"இது நான் தைச்சது" என்றார்.

மாமாவின் பழைய வெஸ்ட் அது. வேலைத்தளத்தில் கழித்துப் போட்ட வெஸ்ட்டுகளை எடுத்துத்தான் எலும்புக்கூடுகளுக்குப் போட்டிருக்கிறார்கள். எனக்கு அது பெரிய பெருமையாக இருந்தது. அம்மா அந்த எலும்புக்கூட்டிடமிருந்து வெஸ்ட்டைக் கழற்றத் தொடங்கினார். ஒரு கை கழன்று விழுந்தது. அதை எடுத்துக் கல்லறைமேல் வைத்துவிட்டு, வெஸ்ட்டை மடித்துப் பைக்குள் போட்டார். நான் வேறு யாருடைய பிள்ளையோ என்பதுபோல ஐந்தடி தள்ளி நின்றேன்.

பிறகு காயை எடுத்தார். ரோலர் கோஸ்டரைப் பார்த்து மூன்று தரம் சுற்றினார். பிள்ளையாரைக் கூப்பிட்டு, ஓங்கி நிலத்தில் அடித்தார். குங்குமத் தண்ணீர் சிவப்பாகச் சிதறிக் கல்லறைகளில் எல்லாம் வழிந்தது. பிறகு வரிசையில் நின்ற அத்தனை பேரும் கை தட்டினார்கள். ஆட்கள் அம்மாவோடு நின்று படம் எடுக்க வந்தார்கள்.

காதில் மைக் மாட்டிய, பூங்காவில் காட்சிகளை நடத்துகிற ஓர் இளம் வெள்ளைக்காரர் ஓடி வந்தார். பொலிஸுக்குச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ, அடுத்த காட்சி எத்தனை மணிக்கு என்று கேட்டார். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், கேட்டபடியே சொன்னேன்.

"வருசத்துக்கு ஒருக்காத்தான் எண்டு சொல்லு."

சொன்னேன். அவர் தலையாட்டி, கையில் இருந்த தாளில் குறித்துக்கொண்டார்.

"இன்னொண்டும் கேள். உந்த மூண்டு பேருக்கும் என்ன பேர்?"

கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. குனிந்து என் காதோடு சொன்னார். பெயர் இல்லை, ஆட்களே இல்லை, தானும் இன்னும் மூன்று பேரும் கோப்பி குடித்துக்கொண்டு இருந்து யோசித்த கதை அது, வரிசையில் நிற்கிறவர்களுக்குச் சொல்லிவிடாதே என்றார். நான் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வீட்டை வராத ஆக்களெண்டு சும்மா சொல்லுவினமோ?" என்று என்னைக் கேட்டார்.

வாசலில் துப்புரவு வேலை இருக்கிறது என்று யாரோ ரேடியோவில் கூப்பிட்டிருக்கிறார்கள். விளக்குமாற்றோடு வந்தது மாமா. சிதறிக் கிடந்த காயைப் பார்த்தார், கையில்லாத எலும்புக்கூட்டைப் பார்த்தார், கடைசியாக அம்மாவைப் பார்த்தார்.

"என்ர வேலைக்கு உலை வைக்கத்தான் வந்தனீங்களோ?"

மாமா எல்லாவற்றையும் கூட்டி அள்ளினார். அள்ளி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பேரில்லாத மூண்டு பேரை நம்புறியள். விடியக் காலமை இதில ஏறி நடந்து பாத்த என்னை நம்பமாட்டியளோ? வாங்கோ அக்கா, ரெண்டு பேரும் ஏறுவம்."

வேலை நேரத்தில் ஏறலாமா என்ற கேள்விக்கு இடமே இருக்கவில்லை. மைக் மாட்டியவர் தானே வழிவிட்டு முன் இருக்கையைக் காட்டினார். அம்மா பையை என்னிடம் தந்து, நீயும் வா என்றார்.

நான் அண்ணாந்து பார்த்தேன். தண்டவாளம் வானத்துக்குள் போய் அந்தப் பக்கமாக விழுந்தது. உயரம் அளக்கிற பலகையில் என் தலை கோட்டுக்கு மேலே ஒரு விரல் அளவு நின்றது. நான் முழங்காலை மெல்ல மடித்தேன். அளந்த பெண், இந்த வருடம் இல்லை, அடுத்த வருடம் வா என்றாள். முழங்கால் மடிந்ததை மாமா கண்டார். கண்டும் ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் சொன்னதில்லை.

வண்டி டக் டக் என்று ஏறிப் போய் மறைந்தது. எல்லோரும் வீரிடுகிற சத்தம் கேட்டது. அம்மாவின் குரலைத் தேடினேன், கேட்கவில்லை. திரும்பி வந்தபோது அம்மாவின் கொண்டை அவிழ்ந்து, பொட்டு நெற்றி முழுவதும் இழுபட்டிருந்தது. இறங்கி நின்று மூச்சு வாங்கினார். பிறகு சொன்ன முதல் வார்த்தை இது.

"மூண்டாவது வளைவில ஒரு சத்தம் கேக்குது. பாத்தனியோ?"

"பாத்தனான் அக்கா. வண்டிச் சில்லு சாயிற சத்தம். அது அப்பிடித்தான் கேக்கும்."

"நாளைக்கு ஒருக்காத் திரும்பப் பார்."

"பாக்கிறன்."

வேலையை விடு என்ற பேச்சு அதோடு முடிந்தது. நாளைக்குப் பார் என்றால் நாளைக்குப் போ என்றுதானே அர்த்தம். மாமா அந்த மாரியில் படித்தார். லைசென்ஸும் எடுத்தார்.

வெளியே வரும் வழியில், வண்டி கீழே பாய்கிற இடத்தில் எடுத்த படத்தைத் திரையில் காட்டினார்கள். அந்தப் படம் அப்பம்மாவின் அலுமாரிக் கதவில் இன்னும் ஒட்டியிருக்கிறது. நீங்களும் பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள். பின்னால் இருக்கிற எல்லோரும் கையை மேலே தூக்கியிருக்கிறார்கள். மாமா சிரிக்கிறார். அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஒரு கையை நீட்டி மாமாவின் நெஞ்சுக்குக் குறுக்கே வைத்திருக்கிறார். இருவருடைய தோளிலும் இரும்புக் கம்பி இறுக்கமாகப் பூட்டியிருக்கிறது. அதற்கு மேலே அம்மாவின் கை. பயத்தில் தம்பியைப் பிடித்த அக்கா என்று சொல்லிச் சொல்லி ஒரு மாதம் அம்மாவைக் கேலி செய்தேன். அம்மாவும் கூடச் சிரித்தார்.

எனக்குத் தெரியாத ஒரு விசயம் இருந்தது. அதை நான் உங்கள் அம்மாவைக் கலியாணம் செய்யப் போகிற காலத்தில், அழைப்பிதழுக்குப் பெயர் எழுதும்போது மாமாதான் சொன்னார். அம்மாவுக்கு இன்னொரு தம்பி இருந்தார். அம்மாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் பிறந்தவர். யாழ்ப்பாணத்தில் ஒரு காலை, பாண் வாங்கச் சைக்கிளில் போனவர். யார் பிடித்தார்கள், எங்கே கொண்டுபோனார்கள், ஒரு செய்தியும் வரவில்லை. செத்துப்போனார் என்று வீட்டில் ஒருவரும் ஒருநாளும் சொன்னதில்லை. அதனால் அவருக்குத் திவசமும் இல்லை, சுவரில் படமும் இல்லை. இன்னும் வீட்டை வரேல்லை என்று மட்டும் சொல்வார்களாம். மா ஒட்டின கையோடு நின்ற அம்மாவுக்கு, அந்த வசனத்தைத்தான் நான் ஒரு சப்பாத்தும் சேர்த்து வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

ஆகவே பிள்ளைகள், உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். அது பொய். யாரோ நாலு பேர் கோப்பி குடித்துக்கொண்டு எழுதினது. உங்கள் ரூஜ் தாத்தா மாதிரி ஒருவர் விடியவே ஏறிப் போல்ட் பார்த்துவிட்டு இறங்கியிருப்பார். அந்தத் துணிவில்தான் உங்களை ஏறச் சொன்னேன். பயப்படாமல் ஏறுங்கள்.

சென்ற சனிக்கிழமை, பைகளை வைத்திருக்கிறேன் என்று சொல்லி நான் கீழே நின்றேன். நீங்கள் இருந்த வண்டி புறப்படும்போது தலைகளை எண்ணினேன். இருபத்திநாலு. அது சுற்றி வந்து நிற்கும்போதும் எண்ணினேன். இருபத்திநாலு. நீங்கள் படிகளால் இறங்கி வருவதற்குள் அடுத்த வண்டி புறப்பட்டது. எங்கள் ஆட்கள் ஒருவரும் அதில் இல்லை. அதில் இருந்த தலைகளையும் எண்ணிவிட்டுத்தான் உங்களைப் பார்த்துக் கை காட்டினேன்.