கோவர்த்தனன் எழுதிய தெலுங்குப் பரீட்சை

கோவர்த்தனன் சித்தூரில் தமிழ் ஆசிரியர். எல்லைத் தகராறு தீர்ந்து திருத்தணி சென்னைப் பக்கம் போனது. சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. அவருடைய பள்ளியில் தமிழ் வகுப்பை மூடப்போவதாகப் பேச்சு வந்தது. தெலுங்கு இலக்கியப் பரீட்சையில் தேறினால் வேலை நிலைக்கும் என்றார் தலைமையாசிரியர்.

கடைவீதித் தெலுங்கு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஏட்டுத் தெலுங்குதான் காலை வாரியது. ரூபகம் என்றால் நம் உருவகம் என்று நினைத்துப் படித்தால், நாடகத்துக்கும் அதே பெயராக இருந்தது.

சொல்லிக்கொடுத்தவள் மனைவி மனோரமா. கார்வேட்டிநகரத்தில் தெலுங்கில் படித்தவள். அரிசி களைந்துகொண்டே கேள்வி கேட்பாள். நாடகப் பாத்திரம் தனக்குத்தானே பேசுவது ஸ்வகதம். மேடையில் மற்றவர்களுக்குக் கேட்காமல் ஒருவரிடம் மட்டும் சொல்வது ஜனாந்திகம். அதை விளக்க, வாயோரம் கையை மறைத்து, பக்கத்து வீட்டுக் குழம்பைப் பற்றி அவர் காதில் ஒன்று சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே அவளுக்கு இருமல் வந்தது, முந்தானையில் ரத்தம்.

டாக்டர் உடனே மதனப்பள்ளி காசநோய் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

"பரீட்சைய முட்சிட்டுப் போலாங்க. இப்ப போனா வேலையும் பூடும். அங்க நான் அதையே நெனச்சிக்கினு படுத்துக்கினு இருக்கணும்" என்றாள்.

அவர் மறுக்கவில்லை. அவள் இல்லாமல் அவரால் படிக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். துயரத்தில் முடியும் நாடகத்துக்கு விஷாதாந்தம் என்று பெயர் என்பதை, மூச்சு வாங்க வாங்கப் படுத்தபடியேதான் சொல்லிக்கொடுத்தாள்.

பரீட்சை எழுதிய மறுநாளே மதனப்பள்ளிக்கு அழைத்துப் போனார். முன்பே வந்திருக்கலாமே என்றார்கள் அங்கே. மழைக்காலம் தொடங்குமுன் அவள் போய்விட்டாள்.

அதன் பிறகுதான் பரீட்சை முடிவு வந்தது. அவர் தேறியிருந்தார். கார்வேட்டிநகரத்துப் பள்ளிக்கே மாற்றிப் போட்டார்கள்.

மனோரமாவின் தாய் வெங்கடம்மா அங்கே தனியாக இருந்தாள். பெட்டியோடு வாசலில் நின்ற மருமகனைப் பார்த்தாள். ஏன் தாமதித்தீர்கள் என்று கேட்பாள் என நினைத்து அவர் தலைகுனிந்து நின்றார்.

"மொதல்ல துன்னுங்க" என்று மட்டும் சொல்லி இலை போட்டாள்.

அதன் பின் அவர் வேறு ஊருக்கு மாற்றல் கேட்கவேயில்லை.