மூன்று ராத்திரிக் கணக்கு

தங்கராசுவை நான் வேண்டுமென்றே கப்பலில் ஏற்றினேன். தாயின் முகத்தை அவன் உயிரோடு பார்க்க முடியாமல் போனதற்கு நானே காரணம். என் மனைவிக்குக்கூட இது தெரியாது. உங்களிடம் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். போர்ட் பிளேரில் ஒரு கப்பல் ஆபீசில் நான் குமாஸ்தா. தங்கராசு, அங்கே டாலிகஞ்ச் பகுதியில் என் பக்கத்து வீட்டுக்காரன். சாலை போடும் காண்டிராக்டர். எனக்குப் பின்னால் தீவுக்கு வந்தவன்... எனக்கு முன்னால் சிமெண்டு வீடு கட்டியவன்! அவன் வீட்டு ரேடியோவில் என் மனைவி பாட்டுக் கேட்பாள். எனக்கு வயிறு எரியும்.

அன்று பிற்பகல் தந்தியும் கையுமாக ஆபீசுக்கு ஓடிவந்தான். ராமநாதபுரத்தில் அவன் அம்மாவுக்கு உடல்நிலை மோசம். உடனே வரச் சொல்லியிருந்தார்கள்.

"அண்ணே, நாளைக்குக் காலையில பிளேன் இருக்கு, சீட்டும் இருக்காம். மத்தியானம் கப்பலும் இருக்கு. எதுல போனா ஜல்தி போவலாம்? நீங்க சொன்னா பக்கா."

விமானம்! அது தலைக்குமேல் போகும்போதெல்லாம் பேனாவை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தவன் நான். எங்கள் தெருவில் யாரும் அதில் ஏறியதில்லை. முதலில் இவனா ஏறுவது? மேகத்துக்குள் எப்படி இருந்தது என்று என் மனைவி இவனிடமா போய்க் கேட்பாள்?

"பிளேன் உன்னை மெட்ராசுலயா எறக்கும்? ரங்கூன் போயி கல்கத்தா போவும். அங்கேருந்து ரயில்ல ரெண்டு ராத்திரி, அதுவும் எடம் கெடச்சா. இல்லேன்னா அங்கேயே கெடக்கணும். கப்பல்னா மூணே ராத்திரி, நேரா மெட்ராஸ்."

தீவில் யாரும் மெயின்லேண்டுக்கு எத்தனை மைல் என்று கேட்பதில்லை. எத்தனை ராத்திரி என்றுதான் கேட்பார்கள். கப்பல் கடைசித் தீவை விட்டு நீங்கிய பிறகே அந்த ராத்திரிகளை எண்ணத் தொடங்குவோம். ஆகவே நான் சொன்னது பொய்யில்லை... பொய்யில்லையாம்! அந்தக் கப்பல் இம்முறை முதலில் தெற்கே கடைசித் தீவிலுள்ள கேம்பல் பே போய், புதிதாகக் குடியேறுகிறவர்களை இறக்கிவிட்டுத்தான் சென்னைக்குப் போகும். அந்த உத்தரவு அன்று காலையே வந்து என் மேசை இழுப்பறையில் கிடந்தது. நோட்டீசை மறுநாள், விமானம் பறந்துபோன பிறகே ஒட்டினேன்.

ஏழாம் நாள் அவன் சென்னை சேர்ந்தான். அவன் தாய் நான்காம் நாள் மாலைவரை இருந்திருக்கிறாள். வாசலில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம், "ராசு வந்துட்டானா?" என்று கேட்டிருக்கிறாள். விமானத்தில் போயிருந்தால் நான்காம் நாள் காலையில் அவள் தலைமாட்டில் இருந்திருப்பான். எத்தனையோ முறை கூட்டிப் பார்த்துவிட்டேன்.

காரியம் முடிந்து திரும்பியவன் நேராக என் வீட்டுக்கு வந்தான். மொட்டைத் தலை. சட்டையைப் பிடிக்கப் போகிறான் என்று ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"கேம்பல் பே போவும்னு உங்களுக்கே தெரியாமப் போச்சேண்ணே. நீங்க எவ்வளவு வருத்தப்பட்டிருப்பீங்கன்னுதான் அங்கேயும் நெனச்சேன். விடுங்க."

என்னைத் தேற்றினான்! காலில் விழுந்து சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. அப்போது என் மனைவி காப்பியோடு வந்து, எந்தக் கப்பலில் வந்தாய் என்று கேட்டாள்.

"கப்பல்ல ஏற மனசு வரல அண்ணி. கல்கத்தா போயி பிளேன்ல வந்துட்டேன்."

நீங்கள் என்மேல் காறித் துப்பலாம். தாயை இழந்து வந்து நின்றவனைப் பார்த்து அந்தக் கணத்தில் எனக்குள் எழுந்தது இரக்கமில்லை. ஏறிவிட்டானே பாவி... எனக்கு முன்னால் ஏறிவிட்டானே என்பதுதான்! சொல்ல வந்ததைக் காப்பியோடு விழுங்கிவிட்டேன்.