சத்தம் போடாத கெமரா

அம்மாவுக்குக் கெமரா வாங்கப் போகிறோம் என்று அப்பா சொன்ன அன்று, எங்கள் லயத்தில், ஒரே கூரையின் கீழே வரிசையாக இருந்த தோட்டத்து வீடுகளில், நான் ஓடிப் போய்ச் சொல்லாத வீடு ஒன்றுகூட இல்லை. எனக்கு அப்போது பத்து வயது. கொட்டகலைக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால், நாங்கள் வேலை பார்த்த தோட்டம். அங்கே கெமரா என்பது கலியாண வீட்டுக்கு வருகிற ஸ்டூடியோக்காரரின் கழுத்தில் தொங்கும் பொருள். அது சொந்தமாக ஒரு வீட்டுக்கு வருகிறது, அதுவும் எங்கள் வீட்டுக்கு, அதுவும் அம்மாவுக்கென்று வருகிறது என்றால் சும்மா இருக்க முடியுமா?

அம்மா வெளிநாட்டுக்குப் போக இருந்தாள். வீட்டு வேலைக்குத்தான். அப்பா கொழுந்து அரைக்கிற தேயிலை ஸ்டோரில் வேலை பார்த்தவர். இடுப்பில் அடிபட்டதிலிருந்து பாரம் தூக்க முடியாமல், கிடைத்த லேசான வேலையைச் செய்துகொண்டிருந்தார். போக வேண்டாம் என்று அவர் சொன்னதும், போகாவிட்டால் என்ன செய்வதாக உத்தேசம் என்று அம்மா கேட்டதும் எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அவர் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. கெமரா வாங்கித் தருகிறேன் என்றார்.

எங்களோடு அத்தையும் இருந்தாள், அப்பாவின் தங்கை. அவளும் முந்தின வருஷம் அந்த நாட்டுக்குத்தான் போயிருந்தாள். பாதியிலேயே திரும்பி வந்துவிட்டாள். அவளுக்கு அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எனக்குச் சொல்லப்பட்டது. வந்ததிலிருந்து அவள் அதிகம் பேசுவதில்லை. மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்குக் குளிக்கப் போனாலும் மற்றப் பெண்களெல்லாம் குளித்துவிட்டுப் போன பிறகுதான் போவாள். தண்ணீர் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆட்கள் இப்படித்தான் ஆவார்கள் போலிருக்கிறது என்று நானும் நம்பினேன். அவளை அழைத்துக்கொண்டு அப்பா பொலிஸுக்கும், கொழும்பில் வெளிநாட்டு வேலைக்கான அரசாங்க ஆபீசுக்கும் பலமுறை போய் வந்தார். ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு திரும்பினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனோம். கோயிலுக்குப் போடுகிற கவுனை நான் போட்டிருந்தேன். பஜாரில் கண்ணாடி அலமாரிகள் வைத்த ஒரு கடை இருந்தது. ரேடியோ, கைக்கடிகாரம், போன் எல்லாம் அங்கே மின்னிக்கொண்டிருந்தன. முதலாளி சிங்களவர். கல்லாவில் உட்கார்ந்திருந்தார். சாமான் காட்டியது ஒரு தமிழ் இளைஞன். தலைமுடிக்கு எண்ணெய் போட்டு வழித்து வாரியிருந்தான்.

அவன் முதலில் எடுத்து வைத்தது நல்ல பெரிய கெமரா. முன்பக்கம் குழல்போல நீண்டிருந்தது. ஸ்டூடியோக்காரரிடம் இருப்பதைவிடப் பெரியது. அதைத்தான் வாங்குவோம் என்று நான் முடிவே செய்துவிட்டேன். அப்பா அதைத் தொடக்கூட இல்லை.

"சின்னதா வேணும் தம்பி. இருக்கிறதிலயே சின்னது."

"சின்னதுன்னா போன்லயே கெமரா வருதேண்ணே. போன எடுங்களேன்."

"போன வாங்கி வச்சிக்கிருவாங்களாம். வேணாம்."

யார் வாங்கி வைப்பார்கள் என்று இளைஞன் கேட்கவில்லை. சின்னக் கெமராக்களை வரிசையாக எடுத்து வைத்தான். அவற்றில் சிவப்பு ஒன்று இருந்தது. அவ்வளவு அழகான ஒரு பொருளை நான் அதுவரை கையில் தொட்டதில்லை. அப்பாவின் கையில் அதைத் திணித்தேன். அவர் அதை ஒரு பக்கமாக வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தார். அம்மாவின் பழைய பாவாடைத் துணியில் தைத்த பை. பாவாடைக்கு உள்ளே வைத்து ஊசி குத்திக்கொள்வதற்காக அம்மாவே தைத்தது. அதை நடுக்கடையில், நாலு பேர் முன்னால் விரித்து, ஒவ்வொரு கெமராவாக உள்ளே போட்டுப் பார்த்தார். கைக்கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடானது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை.

"வெளிச்சம் அடிக்காம எடுக்கலாமா தம்பி?"

"எடுக்கலாம். பிளாஷ நிப்பாட்டிக்கலாம்."

"இருட்டா இருந்தா? சின்ன எடமா, லைட்டு கம்மியா இருந்தா?"

"ஓரளவுக்கு விழும்."

"டிக்குன்னு ஒரு சத்தம் வருமே, அது வராம?"

இளைஞன் கையிலிருந்ததை மெதுவாகக் கீழே வைத்தான். அவன் முகம் மாறியது. "யாருக்குண்ணே கெமரா?"

"என் சம்சாரத்துக்கு."

"சம்சாரத்துக்கு எதுக்குண்ணே சத்தம் வராத கெமரா?"

அப்பா அடுத்த கெமராவை எடுத்துத் துணிப்பையில் போட்டுப் பார்த்தார். கல்லாவிலிருந்த முதலாளி என்ன கேட்கிறான் என்று சிங்களத்தில் விசாரித்தார். இளைஞனும் சிங்களத்திலேயே சொன்னான். பெண்கள் குளிக்கிற இடத்தில் ஒளிந்திருந்து எடுப்பான் போலிருக்கிறது என்று முதலாளி சொல்ல, கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிங்களம் புரியும். அப்பாவுக்கு என்னைவிட நன்றாகவே புரியும். ஸ்டோரில் அவரோடு வேலை செய்தவர்களில் பாதிப் பேர் சிங்களவர்கள்.

அப்பா கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவரும் சேர்ந்து சிரித்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். பிறகு ஒரு கறுப்புக் கெமராவைத் தேர்ந்தெடுத்தார். சவுக்காரக் கட்டி அளவுதான் இருக்கும். அங்கே இருந்தவற்றிலேயே அழகில்லாதது அதுதான். அதைத் துணிப்பையில் போட்டு, சட்டையைத் தூக்கி இடுப்பில் செருகி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார்.

"புள்ள, வெளிய தெரியுதா பாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் கடையை விட்டு ஓடிவிடுவார் என்று நினைத்தானோ என்னவோ, இளைஞன் சுற்றி வந்து வாசலில் நின்றுகொண்டான். தெரியவில்லை என்பதுபோல நான் தலையை ஆட்டினேன். குனிந்த தலையை அதற்குப் பிறகு நிமிர்த்தவில்லை. படத்தில் தேதி விழுமா என்று அப்பா கடைசியாகக் கேட்டதும், விழும் என்றதும் அவர் முகம் மலர்ந்ததாக அவர் குரலை வைத்தே தெரிந்துகொண்டேன். இந்த மனிதருக்குப் படத்தைவிடத் தேதிதான் முக்கியமா என்று எரிச்சலாக வந்தது.

பஸ்ஸில் அவர் பக்கத்தில் நான் உட்காரவில்லை. பின்னால் போய் ஒரு கிழவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வழியில் அவர் வாங்கித் தந்த, மீன் அடைத்த பணிஸ் ரொட்டி மடியிலேயே ஆறிப் போனது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள். முதலாளி சிங்களத்தில் சொன்னதை நான் அப்படியே தமிழில் சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது.

"அப்பா என்னா சொன்னாரு?"

"சிரிச்சாரு."

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நீயும் அப்பாவ அப்பிடித்தான் நெனச்சியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் அப்படித்தான் நினைத்தேன். பத்து வயதில் அந்த மாதிரியான ஒன்றை அப்பாவைப்பற்றி நினைப்பது எப்படியிருக்கும் என்று சொல்லி விளங்க வைக்க முடியாது.

"நெனச்சா நெனச்சிட்டுப் போ," என்றாள் அம்மா. "கெமரா இருக்கிறத மட்டும் யாருகிட்டயும் சொல்லிறாத. என்ன அனுப்புற ஏஜென்சிக்காரன் காதுல விழுந்திச்சின்னா எல்லாம் போச்சு."

நான்தான் ஏற்கெனவே லயம் முழுக்கச் சொல்லியிருந்தேனே.

மறுநாளே லயத்து ஆட்கள் கேட்டு வந்தார்கள். பிள்ளையைப் படம் எடுத்துத் தா, மாமியாரை எடுத்துத் தா என்றார்கள். கெமரா பழுது, திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று அப்பா எல்லோரிடமும் பொய் சொன்னார். அதற்குள் கடையில் நடந்ததும் தோட்டத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. அன்றைக்கு அந்தக் கடையில் எங்கள் கங்காணியின் மகன் நின்றிருக்கிறான். நாங்கள் கவனிக்கவில்லை. பெண்கள் பீலியில் குளிக்கும்போது அப்பா அந்த வழியே வந்தால் மாராப்பை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி பார்ப்பார்கள். "கெமராக்காரரு வாராரு" என்று ஒருத்தி சத்தமாகவே சொன்னாள். அப்போது நான் குடத்தோடு அங்கே நின்றிருந்தேன். அப்பா அதற்குப் பிறகு ஸ்டோருக்குப் போகப் பீலிப் பாதையை விட்டுவிட்டு, மலையைச் சுற்றிப் போகிற ரோட்டில் நடந்து போனார். இடுப்பு வலியோடு அவ்வளவு தூரம் நடந்தார். உண்மையை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாயை மூடியிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. செய்த தப்பு பிடிபட்டதால்தான் சுற்றிப் போகிறார் என்று நான் முடிவு செய்தேன்.

அம்மா போவதற்கு முந்தின வாரம், பகலிலேயே கதவைச் சாத்திக்கொண்டு அப்பா, அம்மா, அத்தை மூன்று பேரும் உள்ளே இருந்தார்கள். நான் கதவில் காதை வைத்தேன். பேசிக்கொண்டிருந்தது அத்தை. அவள் தொடர்ந்து அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதே இல்லை.

"மொதல்ல கதவ எடுங்க அண்ணி. வெளியில பூட்டுவாங்க, ஜன்னல்ல இருந்து பாத்தா பூட்டு தெரியும். பொறகு படுக்கிற எடம். திங்கக் குடுக்கிறது. மேலுல ஏதும் பட்டா அன்னைக்கே எடுத்துருங்க, ஆறிப் போனா யாரும் நம்ப மாட்டாங்க."

கடல் தாண்டிப் போகிற அம்மாவிடம் கதவையும் பூட்டையும் எடுக்கச் சொல்கிறாளே, இந்த அத்தைக்கு ரசனையே கிடையாது என்று எனக்குத் தோன்றியது.

அம்மா போனாள். ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தாள். ஒரு நாள் முன்னறிவிப்பு எதுவுமில்லாமல், பாதியாக இளைத்து, சின்னப் பை ஒன்றோடு கொட்டகலை ஸ்டேஷனில் வந்து இறங்கினாள். அப்பா அவளைக் கூட்டிவந்து சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தார். அன்றைக்கே கெமராவை எடுத்துக்கொண்டு ஹட்டனுக்குப் போய்ப் படங்களைக் கழுவிக்கொண்டு வந்தார். அதே வாரம் அம்மாவையும் அத்தையையும் அழைத்துக்கொண்டு கொழும்புக்குப் போனார். முன்பு அத்தையிடம் சாட்சி எங்கே, யார் பார்த்தது என்று கேட்ட அதே ஆபீஸ்தான். இந்தத் தடவை அங்கே நாற்காலி போட்டு உட்காரவைத்தார்களாம். அம்மாவுக்கு வர வேண்டிய சம்பளம் மெதுவாக, ஆனால் வந்து சேர்ந்தது. ஏஜென்சிக்காரன் கடையைப் பூட்டிக்கொண்டு போனான். அத்தையின் புகாரையும் அன்றுதான் முதல்முறையாக எழுதி எடுத்துக்கொண்டார்கள். அவளுக்குப் பணம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த மாதத்திலிருந்து மற்றவர்களோடு சேர்ந்து பீலிக்குப் போகத் தொடங்கினாள். அவளுடைய முதுகிலிருந்த தழும்புகளை அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அப்போதும் யாரும் எனக்கு எதையும் விளக்கிச் சொல்லவில்லை. எனக்குக் கலியாணம் பேசத் தொடங்கிய காலத்தில்தான் அம்மா எல்லாவற்றையும் உட்கார்ந்து சொன்னாள். அதைக் கேட்கும்போது ஹட்டன் கடையும் அப்பாவின் சிரிப்பும் நினைவுக்கு வந்து, அவர் பக்கம் திரும்பிப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது படங்கள் வந்த அன்றைக்கு நடந்தது. அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா கழுவிய படங்களைத் தரையில் ஒவ்வொன்றாகப் பரப்பி வைத்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒட்டகம் இருக்கும், வானத்தைத் தொடுகிற கட்டடம் இருக்கும், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அம்மா கடற்கரையில் நிற்பாள் என்று ஆசையாக இருந்தது. ஒன்றும் இல்லை. ஒரு கதவு. ஒரு பூட்டு. துணி துவைக்கிற மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் விரித்த ஒரு பாய். காய்ந்துபோன சோறு ஒட்டிய ஒரு தட்டு. கோணலாக, பாதி மங்கலாக, ஏதோ சிவப்பாகத் தெரிகிற ஒரு கை. பிறகு அதே கை, சிவப்பு மட்டும் வேறொரு இடத்தில். ஒரு படத்தில்கூட அம்மாவின் முகம் இல்லை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அம்மாவுக்குப் படமே எடுக்கத் தெரியலப்பா," என்றேன்.

அப்பா தலையை நிமிர்த்தவில்லை. ஒரு படத்தை எடுத்துச் சட்டையில் துடைத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

"இல்ல புள்ள. நல்லாத்தான் எடுத்திருக்கா."

சம்சாரத்தை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு, நான் வெளியே விளையாடப் போய்விட்டேன்.